குருபூஜை என்றால் என்ன? முதல்முறை வருகிறவர்களுக்கு

போன சித்திரைச் சதயத்தன்று எங்கள் கோயிலில் அப்பர் குருபூஜை நடந்துகொண்டிருந்தபோது பன்னிரண்டு வயதுப் பையன் ஒருவன் என் பக்கத்தில் வந்து உட்கார்ந்து, "அங்கிள், இன்னைக்கு இவருக்குப் பிறந்தநாளா?" என்று கேட்டான். இல்லப்பா, இவர் சிவனோட கலந்த நாள் என்றேன். கொஞ்ச நேரம் யோசித்துவிட்டு, "அப்போ இறந்துபோன நாள்தானே, அதுக்கு ஏன் சர்க்கரைப் பொங்கல்?" என்றான்.

நல்ல கேள்வி. இதே கேள்வியைப் பெரியவர்கள் மனசுக்குள் வைத்துக்கொண்டு கேட்காமலே வீட்டுக்குப் போய்விடுகிறார்கள். நாங்கள் இருப்பது பேராக்கில் பீடோர் பக்கம். சுற்றிலும் முன்பு ரப்பர் தோட்டம், இப்போது செம்பனை. லயத்தில் வளர்ந்த தலைமுறைக்கு மாரியம்மன் திருவிழா தெரியும், தீமிதி தெரியும், தைப்பூசத்துக்குக் காவடி தெரியும், ஆனால் குருபூஜை என்று நோட்டீஸ் ஒட்டினால் அது ஏதோ படித்தவர்கள் விஷயம் என்று ஒதுங்கிவிடுவார்கள். அப்படி ஒதுங்கி நிற்கிறவர்களுக்காகத்தான் இதை எழுதுகிறேன்.

சுருக்கமாகச் சொன்னால், நமக்கு வழி காட்டிவிட்டுப் போன ஒருவரை, அவர் இறைவனோடு கலந்த நாளில், வருஷத்துக்கு ஒரு தடவை நினைப்பதுதான் குருபூஜை. பிறந்த நாள் கணக்கில் வராது. பிறக்கும்போது யாரும் குருவாகப் பிறப்பதில்லை, வாழ்ந்து முடித்த பிறகுதான் அந்த வாழ்க்கை முழுசாகத் தெரிகிறது என்று நான் புரிந்துகொண்டிருக்கிறேன். சைவர்கள் அந்த நாளைச் சாவு என்று பார்ப்பதில்லை, முக்தி என்றுதான் சொல்வார்கள். திருஞானசம்பந்தர் தன் கல்யாணத்தன்று நல்லூர்ப் பெருமணத்தில், வந்திருந்த எல்லாரையும் அழைத்துக்கொண்டு சோதிக்குள் புகுந்தார் என்கிறது பெரியபுராணம். அது வைகாசி மூலம். சுந்தரர் வெள்ளை யானை மேல் கயிலைக்குப் போனது ஆடிச் சுவாதி. மாணிக்கவாசகர் தில்லையில் கலந்தது ஆனி மகம். திருநாவுக்கரசர் என்ற இயற்பெயரைவிட அப்பர் என்றே நாம் அதிகம் அழைப்பவர், தம் 81-ஆம் வயதில் திருப்புகலூரில் கலந்தது சித்திரைச் சதயம். இந்த நான்கு பேரைத்தான் நால்வர் என்கிறோம். பெரும்பாலான கோயில்களில் நான்கு பேரும் வரிசையாக நிற்கும் ஒரு படமாவது கண்ணாடிச் சட்டத்தில் மாட்டியிருக்கும், பார்த்திருப்பீர்கள். போய்ச் சேர்ந்த இடம் அதுவென்றால் அது கொண்டாட வேண்டிய நாள்தான், அதனால்தான் பொங்கல் என்று பையனிடம் சொன்னேன். தலையாட்டினான்.

வைணவர்களுக்கு வேறு வழக்கம். அவர்கள் ஆழ்வார்களை அவதரித்த நட்சத்திரத்தில் கொண்டாடுவார்கள், திருநட்சத்திரம் என்று பெயர். ஆண்டாளுக்கு ஆடிப்பூரம், நம்மாழ்வாருக்கு வைகாசி விசாகம். தமிழ் முஸ்லிம்கள் நாகூர் ஷாகுல் ஹமீது ஆண்டகை நினைவாகக் கந்தூரி எடுப்பதும் ஏறக்குறைய இதே மனசுதான், அவர்களுக்கு ஹிஜ்ரி மாதக் கணக்கு. பினாங்கில் சூலியா ஸ்திரீட் பக்கம் நாகூர் தர்கா இருக்கிறது, போயிருப்பவர்களுக்குத் தெரியும்.

சரி, தேதி ஏன் வருஷா வருஷம் மாறுகிறது? இதைத்தான் புதுசாக வருகிறவர்கள் அதிகம் குழப்பிக்கொள்கிறார்கள். குருபூஜை ஆங்கிலத் தேதியில் வராது, தமிழ் மாதமும் நட்சத்திரமும் சேர்ந்து வரும் நாளில் வரும். நிலா வானத்தை ஒரு சுற்று சுற்றி வர 27 நாளுக்குச் சற்றுக் கூடுதலாக ஆகிறது, அந்தப் பாதையை 27 பங்காகப் பிரித்து ஒவ்வொன்றுக்கும் அசுவினி, பரணி என்று பெயர் வைத்திருக்கிறார்கள். தமிழ் மாதமோ 29 நாளிலிருந்து 32 நாள் வரை ஓடும். அதனால் ஒரு மாதத்தில் ஒரு நட்சத்திரம் ஒரு தடவை வந்துவிடும், மாதத் தொடக்கத்தில் வந்தது சில சமயம் கடைசியில் இன்னொரு தடவையும் வந்து நிற்கும். அப்படி இரண்டு வந்தால் நீங்களாக முடிவு செய்யாமல் குருக்களையோ, விவரம் தெரிந்த பெரியவரையோ கேட்டுக்கொள்ளுங்கள்.

இங்கே மலேசியாவில் இன்னொன்றும் பார்க்க வேண்டும். தமிழ்நாட்டில் அச்சடித்த பஞ்சாங்கத்தை அப்படியே வைத்துப் பார்த்தால் நேரம் தப்பும். நம் கடிகாரம் அங்கே உள்ளதைவிட இரண்டரை மணி நேரம் முன்னால் ஓடுகிறது. அங்கே காலை 6:10-க்கு நட்சத்திரம் முடிகிறது என்று போட்டிருந்தால் நமக்கு 8:40. ராத்திரி பத்து மணிக்குத் தொடங்குகிறது என்று இருந்தால் நமக்கு மறுநாள் பன்னிரண்டரை, தேதியே மாறிவிடும். மளிகைக் கடையில் கொடுக்கும் உள்ளூர் நாட்காட்டியில் இதை ஏற்கெனவே சரிபண்ணிப் போட்டிருப்பார்கள், அதைப் பார்ப்பது நல்லது.

இத்தனை பேர் பெயர் நமக்கு எப்படி வந்தது என்பதையும் தெரிந்துகொள்ள வேண்டும், ஏனென்றால் நினைவு என்பது தானாக நிற்காது, யாரோ உட்கார்ந்து சேர்த்து வைத்ததால்தான் நிற்கிறது. திருவாரூரில் சுந்தரர் திருத்தொண்டத்தொகை என்று ஒரு பதிகம் பாடினார். மொத்தமே 11 பாட்டு. "தில்லைவாழ் அந்தணர்தம் அடியார்க்கும் அடியேன், திருநீலகண்டத்துக் குயவனார்க்கு அடியேன்" என்று ஆரம்பிக்கும். அடுத்தடுத்த வரியில் அந்தணரையும் பானை செய்கிறவரையும் வைத்து, இரண்டு பேருக்கும் நான் அடியேன் என்கிறார். அவர் பெயர் சொன்ன அடியார்கள் 60 பேர். பிறகு சுந்தரரையும் அவருடைய அப்பா சடையனாரையும் அம்மா இசைஞானியாரையும் சேர்த்து 63, இவர்களைத்தான் நாயன்மார் என்கிறோம். அப்புறம் நம்பியாண்டார் நம்பி ஒரு அந்தாதியில் ஒவ்வொருவர் கதையையும் சுருக்கமாகச் சொன்னார். 12-ஆம் நூற்றாண்டில், சோழ அரசில் அமைச்சராக இருந்த குன்றத்தூர்ச் சேக்கிழார் தில்லைக்குப் போய் "உலகெலாம்" என்ற சொல்லில் தொடங்கி 4000 பாட்டுக்கு மேல் பாடிவைத்தார். அதுதான் பெரியபுராணம். முதலில் வெறும் பெயர், பிறகு குறிப்பு, பிறகு முழு வாழ்க்கை, இப்படி மூன்று கை மாறி வந்திருக்கிறது. சுந்தரர் அன்றைக்கு அந்த 11 பாட்டைப் பாடாமல் விட்டிருந்தால் நமக்கு இதில் பாதிப் பேரைத் தெரிந்திருக்குமா என்று நினைத்துப் பார்ப்பேன்.

இப்போது குருபூஜையில் என்ன நடக்கும் என்று பார்ப்போம். அந்த நாயனாருடைய திருமேனி இருந்தால் அபிஷேகம், அலங்காரம், இல்லாவிட்டால் படத்துக்கு மாலை. அவருடைய வாழ்க்கையை ஒருவர் சொல்வார். அவர் பாடிய பதிகம் இருந்தால் அதைப் பாடுவார்கள், பாடாதவர் என்றால் திருத்தொண்டத்தொகை பாடுவார்கள். தீபாராதனை, திருநீறு. கடைசியில் சாப்பாடு. அடியார்களுக்கு உணவு கொடுப்பதை மாகேசுவர பூசை என்று சொல்வார்கள், அதுவும் பூசைதான். எங்கள் ஊரில் மீகூன் பிரட்டலும் சிராப் தண்ணியும் சேர்ந்துகொள்ளும், அதில் தப்பே இல்லை.

இதில் என் கருத்து ஒன்று உண்டு. பாட்டையும் கதையையும் பிரிக்கக் கூடாது. பல இடங்களில் பிள்ளைகள் திருமுறை ஓதும் விழாவுக்காகப் பதிகத்தை ராகத்தோடு அழகாக மனப்பாடம் செய்திருக்கிறார்கள், எந்த நிலைமையில் அது பாடப்பட்டது என்று கேட்டால் தெரியவில்லை. அந்த விழாவை மலேசிய இந்து சங்கம் வட்டாரம், மாநிலம், தேசியம் என்று நடத்துவதால்தான் இன்றைக்கு இத்தனை பிள்ளைகள் வாயில் தேவாரம் இருக்கிறது, அதை மறக்கக் கூடாது. நான் சொல்வது அதற்கு அடுத்த படி. "நாமார்க்கும் குடியல்லோம் நமனை யஞ்சோம்" என்பது ராஜாவின் ஆட்கள் வந்து கூப்பிட்டபோது, வரமாட்டேன் என்று அப்பர் சொன்ன பதில். "மாசில் வீணையும் மாலை மதியமும்" பாடியது சுண்ணாம்புக் காளவாய்க்குள் அடைத்துவைத்தபோது. ஏழு நாள். வீணை, மாலை நிலா, தென்றல், இளவேனில், குளம், இவ்வளவு குளிர்ச்சியும் அந்தச் சூட்டுக்குள் இருந்து வந்தது என்று தெரிந்துவிட்டால் அந்தப் பாட்டை அப்புறம் சும்மா பாட முடியாது.

இதை எனக்குப் புரியவைத்தது ஒரு பாட்டி. சின்ன வயசிலிருந்து பால்மரம் வெட்டினவர், பள்ளிக்கூடம் இரண்டு வருஷம்தான். தோட்டத்துக் கோயிலில் ராத்திரி வகுப்பில் காதால் கேட்டுக் கற்ற தேவாரம். சில வருஷத்துக்கு முன் ஒரு குருபூஜையில் காளவாய்க் கதையை நான் சொல்லிக்கொண்டிருந்தபோது நடுவில் அவர் எழுந்து, "தம்பி, ரப்பர் ஷீட்டு காயவைக்கிற புகைக்கூடத்துக்குள்ள நீ போயிருக்கியா? கதவத் தொறந்து உள்ள கால் வச்சா கண்ணு எரியும், மூச்சு அடைக்கும், ஷீட்டத் தொங்கவிட்டுட்டு ஓடி வந்துருவோம். அந்த மனுசன் அதவிடச் சூட்டுல உக்காந்து தென்றல் வீசுதுன்னு பாடியிருக்காரு" என்றார். அதற்குப் பிறகு அவரே பாடினார், குரல் நடுங்கியது, "வீசு தென்றலும்" என்ற இடத்தில் வலது கையை லேசாக முகத்துக்கு நேரே அசைத்தார், விசிறுகிற மாதிரி. நான் அன்றைக்குத் தயார் பண்ணிக்கொண்டுபோன பேச்சை அதோடு நிறுத்திக்கொண்டேன்.

அப்பர் கையில் இருப்பது மண்வெட்டியா என்று பிள்ளைகள் கேட்பார்கள். அதற்கு உழவாரம் என்று பெயர், கோயில் வளாகத்தில் முளைத்த புல்லைச் செதுக்க அவர் கொண்டுபோன கருவி. அதனால்தான் கோயிலைக் கூட்டிச் சுத்தம் செய்வதற்கு உழவாரப்பணி என்று பெயர் வந்தது. குருபூஜைக்கு முந்தின ஞாயிற்றுக்கிழமை இளைஞர்கள் வந்து வடிகாலில் அடைத்த இலையை அள்ளிப் போட்டு, கோயிலைச் சுற்றி லாலாங் புல்லை வெட்டிக் கொடுத்தால் அப்பருக்கு அதைவிட என்ன மாலை வேண்டும்.

ஆனால் குருவை எப்படி நினைப்பது என்று தெரிய வேண்டுமென்றால் நீங்கள் போய்ப் பார்க்க வேண்டியவர் அப்பூதி அடிகள். திங்களூர்க்காரர். அப்பரை அவர் நேரில் பார்த்ததே இல்லை. கேள்விப்பட்டதோடு சரி. கேள்விப்பட்டதை வைத்தே தன் பிள்ளைகளுக்கு மூத்த திருநாவுக்கரசு, இளைய திருநாவுக்கரசு என்று பெயர் வைத்தார். வீட்டில் இருந்த அளக்கும் படிக்கும் தராசுக்கும், பசுவுக்கும் எருமைக்கும்கூட அதே பெயர் என்கிறார் சேக்கிழார். நெல் அளக்கும்போதும் மாட்டைக் கூப்பிடும்போதும் அந்தப் பெயரைச் சொல்லியாக வேண்டும், மறப்பதற்கு இடமே வைக்கவில்லை. வழிப்போக்கர்களுக்காக ஒரு தண்ணீர்ப்பந்தல் போட்டு அதற்கும் திருநாவுக்கரசு என்று பெயர் எழுதிவைத்தார். அந்தப் பக்கம் வந்த அப்பர் பெயரைப் பார்த்துவிட்டு, ஏன் உங்கள் பெயரை வைக்காமல் வேறு யார் பெயரையோ வைத்திருக்கிறீர்கள் என்று கேட்டார். வேறு யார் பெயரோ என்று சொன்னதற்கு அப்பூதிக்குக் கோபமே வந்துவிட்டது. அந்தப் பெரியவரைத் தெரியாதவன் யார், நீ யார் என்று கேட்டார். அப்புறம்தான் வந்தவர் யார் என்று தெரிந்து காலில் விழுந்தார்.

விருந்துக்கு ஏற்பாடு செய்தார்கள். வாழை இலை அறுக்கப் போன மூத்த பிள்ளையைப் பாம்பு கடித்துவிட்டது. பிள்ளை ஓடி வந்து இலையை அம்மா கையில் கொடுத்துவிட்டு விழுந்துவிட்டான். செம்பனைத் தோட்டத்தில் பாம்பைப் பார்த்து வளர்ந்தவர்களுக்கு இந்த இடத்தைச் சொல்லும்போது விளக்கமே தேவைப்படாது, பெண்கள் பக்கம் அப்படியே அமைதியாகிவிடும். விருந்தாளி சாப்பிடாமல் போய்விடக் கூடாதே என்று பெற்றவர்கள் பிள்ளையை மறைத்துவைத்துவிட்டு இலை போட்டார்கள். பிள்ளைக்குத் திருநீறு பூச வேண்டும், கூப்பிடுங்கள் என்றார் அப்பர். இப்போது இங்கே உதவ மாட்டான் என்றார் அப்பூதி. அப்பருக்கு மனசு ஒப்பவில்லை, விசாரித்தார், தெரிந்துகொண்டார், பிள்ளையைக் கோயில் முன்னால் கொண்டுவரச் சொல்லிப் பாடினார். "ஒன்றுகொலாம் அவர் சிந்தை உயர்வரை" என்று தொடங்கும் பதிகம். முதல் பாட்டு முழுக்க ஒன்று, இரண்டாம் பாட்டு முழுக்க இரண்டு, இப்படியே பத்து வரைக்கும் எண்ணிக்கொண்டு போகும். பிள்ளை எழுந்துவிட்டான் என்கிறது புராணம். விஷம் தீர்த்த பதிகம் என்று பெயர். (பாம்பு கடித்தால் இன்றைக்கு முதலில் ஆஸ்பத்திரிக்குத்தான் ஓட வேண்டும், பாட்டை வண்டியில் போகும்போது பாடலாம். இதைப் பிள்ளைகளிடம் ஒவ்வொரு தடவையும் சொல்லிவிடுகிறேன்.)

அப்பூதி அடிகளுக்குக் குருபூஜை தைச் சதயம். அப்பருக்குச் சித்திரைச் சதயம். குருவுக்கும் அவரை மறக்காமல் இருந்தவருக்கும் ஒரே நட்சத்திரம்.

எல்லாக் கதையும் இப்படிச் சொல்லச் சொல்ல இனிக்காது. திருநாளைப்போவார் என்ற நந்தனார் கதையைச் சொல்லும்போது எனக்கு இன்றைக்கும் தொண்டை அடைக்கும். ஆதனூரில், ஊர் ஒதுக்கிவைத்த சாதியார் வாழ்ந்த புலைப்பாடியில் பிறந்தவர். கோயில் முரசுக்குத் தோலும் வீணைக்கு நரம்பும் கொடுத்த மனிதர், ஆனால் கோயிலுக்குள் போக முடியாது. தில்லைக்குப் போக வேண்டும் என்று ஆசை, போனாலும் உள்ளே விடமாட்டார்களே என்று தயக்கம், அதனால் நாளைக்குப் போவேன் என்று நாளைத் தள்ளிக்கொண்டே இருந்தார், அதுவே பெயராகிவிட்டது. நாம் சினிமாவிலும் கதாகாலட்சேபத்திலும் பார்த்த கொடுமைக்கார பண்ணையார் பெரியபுராணத்தில் கிடையாது, அது 19-ஆம் நூற்றாண்டில் கோபாலகிருஷ்ண பாரதியார் எழுதிய கீர்த்தனையில் வந்தது. இரண்டையும் கலக்காமல் சொல்ல வேண்டும். கடைசியில் அவர் தீயில் மூழ்கி எழுந்துதான் தில்லைக்குள் போனார் என்று வரும் இடத்தை நான் மழுப்பிச் சொல்வதில்லை. அவரிடம் எந்தக் குறையும் இல்லை, தடுத்த வழக்கத்தில்தான் குறை என்று பிள்ளைகளிடம் நேராகச் சொல்கிறேன். சுந்தரர் அவரை எப்படிச் சொன்னார் தெரியுமா? "செம்மையே திருநாளைப் போவார்க்கும் அடியேன்." புரட்டாசி ரோகிணி அன்று எங்கள் கோயிலில் இந்த ஒரு வரியை எல்லாரும் சேர்ந்து மூன்று தடவை சொல்வோம்.

குருபூஜை நாயன்மாருக்கு மட்டும்தானா என்றால் இல்லை. வடலூரில் வள்ளலார் 1867-இல் தருமசாலை தொடங்கி மூட்டிய அடுப்பு இன்றுவரைக்கும் எரிகிறது, அவரைத் தைப்பூசத்தில் நினைக்கிறார்கள். பக்கத்தில் தாப்பாவில் ஜெகநாத சுவாமிகள் சமாதி இருக்கிறது, சித்ரமுத்து அடிகளாருடைய குரு அவர். ரிஷிகேஷ் சுவாமி சிவானந்தரை எடுத்துக்கொள்ளுங்கள், பத்தமடையில் 1887-இல் பிறந்தவர், 1913-இல் மலாயாவுக்கு வந்து சிரம்பான் பக்கம் ஒரு தோட்டத்து ஆஸ்பத்திரியில் வேலை பார்த்தார், பிறகு ஜொகூர் பாரு. 1923-இல் எல்லாவற்றையும் விட்டுவிட்டு இந்தியாவுக்குப் போய்த் துறவியானார். நம் முன்னோருக்குக் காய்ச்சலும் புண்ணும் பார்த்த கை அது. தோட்டத்துப் பிள்ளைகளிடம் முதலில் சொல்ல வேண்டிய கதை இது என்று நினைக்கிறேன், நாமோ அவரை ஆசிரமத்துப் படத்தோடு நிறுத்திவிட்டோம்.

ஒரு வருத்தத்தையும் சொல்லிவிடுகிறேன். ஓர் ஊரில் குருபூஜைக்கு அழைத்திருந்தார்கள், போனேன். வரவேற்புரை, பிரமுகர் பேச்சு, பொன்னாடை, மறுபடி பொன்னாடை, காசோலை, படம் எடுத்தல், இப்படியே ஒன்றே முக்கால் மணி நேரம். நாயனாருக்குக் கிடைத்தது கடைசியில் ஆறு நிமிஷம். அவர் பெயரைச் சரியாகச் சொல்லக்கூட ஆள் இல்லை. வந்திருந்த பிள்ளைகள் யாருக்கு விழா என்று தெரியாமலே பொட்டலம் வாங்கிக்கொண்டு போனார்கள். ரொம்ப வலித்தது.

நீங்கள் புதுசாகத் தொடங்கப்போகிறீர்கள் என்றால் 63 பேரையும் இழுத்துப் போட்டுக்கொள்ளாதீர்கள். முதல் வருஷம் நால்வர் மட்டும் போதும், நான்கு நாள்தானே. வேலை நாளாக வந்தால் சாயங்காலம் ஏழரைக்கு வைத்துக்கொள்ளலாம். ஐந்து பேர் வந்தாலும் நடத்தலாம், வீட்டிலேயே செய்யலாம், ஒரு விளக்கு, ஒரு படம், ஒரு பதிகம், பக்கத்து வீட்டுக்குக் கொடுத்தனுப்ப ஒரு தூக்குச் சட்டி பொங்கல். கதையைப் படித்துக் காட்டாதீர்கள், மனசில் வாங்கிக்கொண்டு சொல்லுங்கள், இருபது நிமிஷத்துக்கு மேல் வேண்டாம். நாள் தெரியாமல் தவறிவிட்டால் பதறாமல் அடுத்து யாருடையது வருகிறதோ அதில் தொடங்கிவிடுங்கள்.

அந்தப் பையன் இப்போது ஞாயிற்றுக்கிழமை தேவார வகுப்புக்கு வருகிறான். வருகிற தைச் சதயத்துக்கு ஒன்றுகொலாம் பாடப்போகிறவன் அவன்தான். ஏழாம் பாட்டு வரை வந்துவிட்டது, ஏழு கடல், ஏழு உலகம், ஏழு இசை என்று விரல் மடக்கிக்கொண்டே பாடுகிறான், எட்டு வந்ததும் எந்தக் கை என்று தடுமாறி நின்றுவிடுகிறான். பாட்டி முன் வரிசையில் உட்கார்ந்து, எட்டாவது விரலைத் தன் கையில் பிடித்துக் காட்டுகிறார்.